பிறந்த தேதியிலிருந்து வயதைப் பிடிப்பது: டேட்டாபேஸில் வயதுவாரியாக ஆள் பிரிக்க முழுமையான வழிகாட்டி

திங்கள்சந்தையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்ப் படிப்பகம் ஒன்றின் குடும்பப் பதிவேட்டை டேட்டாபேஸில் ஏற்றிப் பராமரிப்பதும் என் வேலைகளில் ஒன்று. ஒருமுறை கண் பரிசோதனை முகாமுக்காக "60 வயதுக்கு மேற்பட்டோர்" பட்டியல் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் எடுத்து, அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். முகாம் அன்று காலையில் கைலியை மடித்துக் கட்டியபடி ஒருவர் கடைக்கே வந்து நின்றார். "எனக்கு அறுவது தெகஞ்சு மூணு மாசமாச்சு மக்கா. ஒனக்க பெட்டிக்கு மட்டும் தெரியல்லியோ?"

பெட்டிக்குத் தெரிந்துதான் இருந்தது. கேள்வியைத் தவறாகக் கேட்டது நான். வயது 60-ஐ விடப் பெரியது என்று நிபந்தனை போட்டிருந்தேன். 60 நிறைந்து 61 ஆகாத அத்தனை பேரும் விழுந்துவிட்டார்கள். அவருக்கு 60 வயது 3 மாதம். கணக்குக்கு அவர் 60 தானே, 60-ஐ விடப் பெரியவர் இல்லையே!

அன்றிலிருந்து வயதைக் கணக்கிட்டு ஆள் பிரிக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டேன். ஒரு எல்லைத் தேதியைக் கண்டுபிடித்து, பிறந்த தேதியை அதோடு ஒப்பிடுவதோடு சரி. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு முறையைச் சுற்றித்தான். கட்டளைகளைப் புரியும்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது உங்கள் மென்பொருளின் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தத் தேதியில் வயது?

கணினியைத் தொடுவதற்கு முன் பட்டியல் கேட்டவரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும். "60 வயது" என்றால் இன்றைக்கா, முகாம் நடக்கும் நாளிலா, நிதியாண்டின் கடைசியிலா?

வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 61-வது அரசியல் சட்டத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. 1989 முதல் அதுதான் நடைமுறை. அந்த 18 எந்த நாளில் நிறைந்திருக்க வேண்டும் என்பதற்கு முன்பு ஜனவரி 1 என்ற ஒரே தகுதித் தேதிதான் இருந்தது. 2021-இல் நிறைவேறிய திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு. ஒரே பையன் ஒரு தகுதித் தேதிக்குப் பட்டியலில் இருக்க மாட்டான், அடுத்ததற்கு இருப்பான். வருமான வரியில் வேறு கணக்கு. நிதியாண்டின் எந்த நாளில் 60 நிறைந்தாலும் அந்த ஆண்டு முழுக்க மூத்த குடிமகன்தான்.

ஆகவே குவெரியில் (டேட்டாபேஸிடம் பட்டியல் கேட்டு எழுதும் கட்டளையில்) "இன்று" என்று நேரடியாக எழுதாதீர்கள். குறிப்பு_தேதி என்று ஒன்றை வைத்து, அதை வெளியிலிருந்து கொடுங்கள். இன்றைய பட்டியல் வேண்டுமானால் இன்றைய தேதியைக் கொடுத்தால் போயிற்று. ஆறு மாதம் கழித்து யாராவது "அன்றைக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது?" என்று கேட்டால், அதே தேதியைக் கொடுத்து அதே பட்டியலைத் திரும்ப எடுத்துக் காட்டலாம். இந்தக் கட்டுரையின் உதாரணங்களுக்கு 2025 நவம்பர் 1-ஐக் குறிப்புத் தேதியாக வைத்துக்கொள்கிறேன். 1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு (அன்று சென்னை மாநிலம்) சேர்ந்ததும் ஒரு நவம்பர் 1 தான். அந்தச் சேதிக்குப் பின்னால் வேறொரு காரணத்துக்காகத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

சேமிப்பில் சறுக்காமல் இருக்க

வயது என்று ஒரு நெடுவரிசை வைத்திருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். பதிந்த நாளில் சரியாக இருக்கும்; அடுத்த ஆண்டே பொய்யாகிவிடும். இருப்பில் வைக்க வேண்டியது பிறந்த தேதி மட்டும்.

அதையும் தேதி வகையாகவே வையுங்கள். எழுத்தாக வைத்தால் என்ன ஆகும்? "01-12-1990" என்பதும் "02-01-1940" என்பதும் எழுத்துகளாக ஒப்பிடப்படும்போது 1990 முன்னாலும் 1940 பின்னாலும் வந்து நிற்கும், ஏனென்றால் முதல் இரண்டு எழுத்துகளிலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. எழுத்தாகத்தான் வைத்தாக வேண்டும் என்ற நிலை சில மென்பொருளில் உண்டு. எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. அங்கே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், நான்கு இலக்க ஆண்டோடு, 1965-11-01 என்று எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

தேதியோடு மணி, நிமிடத்தையும் சேர்த்து வைப்பது இன்னொரு பொறி. நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். 1965 நவம்பர் 1 நள்ளிரவு என்று உள்ளிட்டதை ஒரு மென்பொருள் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்தால், உள்ளே போய் உட்காருவது அக்டோபர் 31 மாலை 6:30. திரும்ப எடுக்கும்போது தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஆள் ஒரு நாள் முன்னால் பிறந்தவராகிவிடுவார். வலைப் படிவங்களிலிருந்து வரும் பதிவுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். நேரமில்லாத வெறும் தேதி வகை போதும். நம் பதிவேட்டில் யாருக்கும் ஜாதகம் கணிக்கப் போவதில்லை.

எல்லைத் தேதி

குறிப்புத் தேதியில் 60 நிறைந்தவர்கள் வேண்டும். 2025 நவம்பர் 1-இலிருந்து 60 ஆண்டு பின்னால் போனால் 1965 நவம்பர் 1. அன்றைக்கோ அதற்கு முன்போ பிறந்தவர்கள் எல்லாம் உள்ளே.

பிறந்த_தேதி <= குறிப்பு_தேதி − 60 ஆண்டு

குறி திரும்புவதைக் கவனியுங்கள். வயது கூடினால் பிறந்த தேதி குறையும். "60-உம் அதற்கு மேலும்" என்பது பிறந்த தேதியில் "சிறியது அல்லது சமம்" ஆகிறது. சமம் என்ற அந்தக் குட்டிக் கோட்டை விட்டுவிட்டால், அன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர் வெளியே நிற்பார்.

18 நிறையாதவர்களுக்கு:

பிறந்த_தேதி > குறிப்பு_தேதி − 18 ஆண்டு
மற்றும் பிறந்த_தேதி <= குறிப்பு_தேதி

இரண்டாவது வரி வேண்டாத வேலை போலத் தோன்றும். இருக்கட்டும். 2042 என்று தவறாகப் பதிவான பாட்டாவும் முதல் வரியின்படி 18-க்குக் கீழேதான் வருவார்.

வீச்சு கேட்கும்போதுதான் கை அதிகம் வழுக்கும். இளைஞர் மன்றத்துக்கு 18 முதல் 35 வரை என்றால், 35 வயதில் நடப்பவர்களும் அதில் உண்டு. அவர்கள் 36 நிறையும் நாளுக்கு முந்தைய நாள் வரை 35 தான். எனவே மேல் எல்லையைப் பிடிக்கக் கழிக்க வேண்டியது 36:

பிறந்த_தேதி > குறிப்பு_தேதி − 36 ஆண்டு
மற்றும் பிறந்த_தேதி <= குறிப்பு_தேதி − 18 ஆண்டு

நம் குறிப்புத் தேதிக்கு இது 1989 நவம்பர் 1-க்குப் பின், 2007 நவம்பர் 1 வரை. 1989 நவம்பர் 1-இல் பிறந்தவருக்கு அன்று 36 ஆகிவிட்டது, அவர் வெளியே. நவம்பர் 2-இல் பிறந்தவர் 35-இன் கடைசி நாளில் நிற்கிறார், அவர் உள்ளே. 36-க்குப் பதிலாக 35-ஐக் கழித்திருந்தால் 35 வயதுக்காரர்கள் ஒட்டுமொத்தமாகப் போயிருப்பார்கள். நான் 60-இல் செய்த அதே கோளாறுதான்.

ஆனால் வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் "35 வயது நிறைவடைந்திருக்கக் கூடாது" என்று இருந்தால் கதை வேறு. அங்கே 34-இன் கடைசி நாள் வரைதான். அப்போது கழிக்க வேண்டியது 35. வாசகத்தை முழுதாகப் படித்த பிறகு குவெரிக்கு வாருங்கள். "மேற்பட்டோர்", "நிறைந்தோர்", "மிகாதோர்", "நிறைவடையாதோர்" என்ற நான்கு சொல்லுக்கும் நான்கு விதமாக எல்லை வரும். பட்டியல் கேட்பவர்கள் இவற்றை மாற்றி மாற்றிப் போடுவார்கள். "மேற்பட்டோர்னா அறுபது முடிஞ்சவங்களா, அறுபத்தொண்ணு ஆனவங்களா?" என்று வாய்விட்டுக் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

"இடையில்" என்று பொருள்படும் கட்டளை, டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் உண்டு. அது இரண்டு முனையையும் சேர்த்துக்கொள்ளும். வயது வீச்சில் ஒரு முனை சேரும், மறு முனை சேராது. அதனால் நான் அதைத் தொடுவதில்லை. இரண்டு ஒப்பீடுகளைத் தனித்தனியாக எழுதிவிடுவேன்.

எல்லைத் தேதி முறைக்கு இன்னொரு ஆதாயம் உண்டு. வயதைக் கணக்கிட்டு வடிகட்டினால் ஒவ்வொரு பதிவையும் தொட்டு, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறந்த தேதிக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற அமைப்பு) போட்டிருந்தாலும் அது சும்மா கிடக்கும். எல்லைத் தேதி ஒரே முறை கணக்காகிறது, பிறகு இண்டெக்ஸில் நேராக அந்த இடத்துக்குப் போகலாம். மூவாயிரம் பெயர் உள்ள ஊர்ப் பதிவேட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பல லட்சம் பெயர் என்றால் தெரியும்.

வயதையே தானாகக் கணக்கிடும் நெடுவரிசை வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இன்றைய தேதியைச் சார்ந்த கணக்கை அப்படிச் சேமிக்க அனுமதிப்பதில்லை. நாளைக்கு மாறிவிடும் விடையை எப்படிச் சேமிப்பது? நியாயம்தான்.

குறுக்கு வழிகள் எங்கே விழும்

நாள்களை எண்ணி 365-ஆல் வகுப்பது பலரும் செய்வது. 60 ஆண்டில் 15 லீப் நாள் வந்துவிடுகிறது. 2025 நவம்பர் 1-க்குக் கணக்கிட்டால், 1965 நவம்பர் 2 முதல் 16 வரை பிறந்தவர்கள் 60 நிறையாமலேயே உள்ளே வந்துவிடுவார்கள்.

சரி, 365.25-ஆல் வகுத்தால்? 2005 மார்ச் 10-இல் பிறந்த பெண்ணுக்கு 2023 மார்ச் 10-இல் 18 நிறைகிறது. இடையில் உள்ள நாள்கள் 6574. வகுத்தால் 17.998. பிறந்தநாள் அன்றே அவளை 17 என்று சொல்லும் கணக்கு அது.

ஆண்டிலிருந்து ஆண்டைக் கழிப்பது இன்னும் மோசம். 1965 டிசம்பர் 25-இல் பிறந்தவருக்கு 2025-இலிருந்து 1965-ஐக் கழித்தால் 60. நவம்பரில் அவருக்கு 59 தான். எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டிஃப் செயல்பாட்டில் ஆண்டு என்று கேட்டால் அதுவும் இதையேதான் செய்கிறது: இடையில் எத்தனை புத்தாண்டு வந்தது என்று எண்ணும். டிசம்பர் 31-இல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே ஒரு வயது!

மென்பொருளுக்கு மென்பொருள்

மைஎஸ்க்யூஎல்லில் டேட்_சப், எஸ்க்யூஎல் சர்வரில் டேட்ஆட், ஆரக்கிளில் ஆட்_மன்த்ஸ் ஆகியவற்றால் ஆண்டைக் கழிக்கலாம். ஆரக்கிளில் மாதக் கணக்கு என்பதால் 60 ஆண்டுக்கு 720 மாதம். போஸ்ட்கிரெஸில் தேதியிலிருந்து 60 ஆண்டு இடைவெளியை நேராகவே கழித்துவிடலாம். எஸ்க்யூலைட்டில் டேட் செயல்பாட்டுக்குள் கழித்தல் 60 ஆண்டு என்று ஒரு திருத்தியைச் சேர்க்க வேண்டும்.

பட்டியலில் வயதைக் காட்டவும் வேண்டியிருக்கும். வடிகட்டி முடித்த பிறகு, வெளியே வரும் பதிவுகளுக்கு மட்டும் கணக்கிடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப்டிஃப் செயல்பாடு ஆண்டு அலகில் நிறைந்த வயதையே தரும். போஸ்ட்கிரெஸில் ஏஜ் செயல்பாடு ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துத் தரும், அதில் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எக்செல்லில் டேட்டிஃப் சூத்திரத்துக்கு ஆண்டு என்ற அலகைக் கொடுத்தால் அதுவும் நிறைந்த வயதுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டிஃப் வேறு, இது வேறு. எழுத்துக்கூட்டிலும் ஒரு எழுத்து வித்தியாசம் உண்டு.

சர்வர் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் பொது நேரத்தில் இருக்கும். நம் ஊரில் நள்ளிரவு முதல் காலை 5:30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். இரவில் தானாக ஓடும் வேலை வைத்திருந்தால் அன்று பிறந்தநாள் வருகிறவர்கள் தவறிப்போவார்கள். எஸ்க்யூலைட்டில் இப்போது என்று கேட்டாலும் பொது நேரம்தான் வரும். குறிப்புத் தேதியை நம் நேரப்படி வெளியிலிருந்து கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 29

2008 பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்கு 18 எப்போது? 2026-இல் பிப்ரவரி 29 கிடையாது. குறிப்புத் தேதியிலிருந்து 18 ஆண்டைக் கழிக்கும் நம் முறையில், 2026 பிப்ரவரி 28-க்கு எல்லை 2008 பிப்ரவரி 28, அவர் வெளியே. மார்ச் 1-க்கு எல்லை 2008 மார்ச் 1, அவர் உள்ளே. இதையே திருப்பி, பிறந்த தேதியோடு 18 ஆண்டைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலான மென்பொருள் 2026 பிப்ரவரி 28 என்று சொல்லும். ஒரே ஆளுக்கு, ஒரே மென்பொருளில், கூட்டினால் ஒரு விடை, கழித்தால் ஒரு விடை. எது வேண்டும் என்று முடிவெடுத்து, எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள். ஒரு பட்டியலில் கூட்டலும் இன்னொன்றில் கழித்தலும் மட்டும் வேண்டாம்.

ஆரக்கிளுக்கு இங்கே ஒரு தனிப் புத்தி. கொடுத்த தேதி மாதத்தின் கடைசி நாளாக இருந்தால் விடையையும் கடைசி நாளாக்கிவிடும். 2026 பிப்ரவரி 28-இலிருந்து 216 மாதம் கழித்தால் 2008 பிப்ரவரி 29 வரும். அவர் ஒரு நாள் முன்பே உள்ளே. எஸ்க்யூலைட் எதிர்ப்பக்கம் போகும். 2024 பிப்ரவரி 29-இலிருந்து 18 ஆண்டு கழித்தால், இல்லாத நாளை 2006 மார்ச் 1 என்று தள்ளிவிடும். மார்ச் 1-இல் பிறந்தவர் ஒரு நாள் முன்னதாக உள்ளே வந்துவிடுவார்.

சட்டமும் ஒரு நாளைக்காக மல்லுக்கு நிற்பதுண்டு. 1875-ஆம் ஆண்டு இந்திய வயதுவந்தோர் சட்டத்தின்படி, பிறந்த நாளை முழு நாளாகச் சேர்த்து எண்ணி, 18-ஆவது ஆண்டு நிறைவு நாளின் தொடக்கத்திலேயே ஒருவர் வயதுவந்தவர் ஆகிவிடுகிறார். நம் "சமம்" குறி இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் மத்திய அரசு ஊழியர் ஒருவர் மாதத்தின் முதல் தேதியில் பிறந்திருந்தால் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு. வருமான வரித்துறையும் 2016-இல் விட்ட சுற்றறிக்கையில், ஏப்ரல் 1-இல் பிறந்தவர் மார்ச் 31-இலேயே அந்த வயதை எட்டிவிடுவதாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஓய்வூதியம், வரி சம்பந்தமான பட்டியல் எடுக்கிறவர்கள் இந்த ஒரு நாளை மறக்க வேண்டாம்.

நம்ம ஊர்ப் பதிவேட்டில் உள்ள சிக்கல்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி வருவது குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு.

1956 நவம்பர் 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள் திருவிதாங்கூரிலோ திருவிதாங்கூர்-கொச்சியிலோ பிறந்தவர்கள். வீட்டுக் குறிப்பிலும் பழைய பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, இருக்கும். பழைய நோட்டிலிருந்து ஒரு பாட்டியின் பிறப்பு "1118 கும்பம் 10" என்று வந்தது. உள்ளிட்ட பையன் 1118-ஐ அப்படியே ஆண்டுக் கட்டத்தில் போட்டுவிட்டான். மைஎஸ்க்யூஎல் 1000-ஆம் ஆண்டு முதல் தேதிகளை ஏற்கும், முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. 60 நிறைந்தோர் பட்டியலில் 907 வயதுப் பாட்டி முதலிடத்தில் நின்றார். எக்செல்லில் தேதி வடிவம் கொடுத்த கட்டத்தில் வெறும் 1118 என்று தட்டிப் பாருங்கள். அதை நாள் எண்ணாக எடுத்துக்கொண்டு 1903 ஜனவரி 22 என்று காட்டும். 907 வயதைக் கண்டுபிடித்துவிடலாம், 1903-இலிருந்து வரும் 122 வயதைக் கண்டுபிடிக்கச் சற்றுக் கூர்மையான கண் வேண்டும்.

மாற்றும் விதம் எளிது. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் முதல் நாளில் பிறக்கிறது; நம் ஆவணி. சிங்ஙத்திலிருந்து தனுவின் (மார்கழி) முதல் பாதி வரை, அதாவது டிசம்பர் முடியும் வரை, 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (ஆடி) முடியும் வரை 825. கும்பம் நமக்கு மாசி, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. ஆக 1118 கும்பம் என்றால் 1943. பாட்டிக்கு 82. நாள் துல்லியமாக வேண்டுமானால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். தனு மாதம் மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டிலும் கால் வைத்திருக்கும். நாளைப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

ஆண்டைச் சுருக்கி "18" என்று எழுதி வைத்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. அது 1118-ஆ, 1918-ஆ, 2018-ஆ? இரண்டு இலக்க ஆண்டை ஒவ்வொரு மென்பொருளும் அதனதன் இஷ்டப்படி விரிக்கும். மைஎஸ்க்யூஎல்லில் 70 முதல் 99 வரை 1900-களுக்கும், 00 முதல் 69 வரை 2000-களுக்கும் போகும். 1942-இல் பிறந்தவரை "42" என்று போட்டால் அவர் 2042-இல் பிறக்கப் போகிறவர். எஸ்க்யூஎல் சர்வரில் இயல்பான எல்லை 49, எக்செல்லில் வழக்கமாக 29, கணினி அமைப்பைப் பொறுத்து மாறும். மூத்தோர் பட்டியலைப் பொறுத்தவரை மைஎஸ்க்யூஎல்லின் எல்லைதான் அதிகம் பேரை விழுங்கும்.

எக்செல்லிலிருந்து ஏற்றுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வைத்திருந்தால் 05/11/1960 மே 11 ஆகிவிடும். 25/11/1960-இல் 25-ஆவது மாதம் இல்லாததால் அது தேதியாகவே மாறாமல் எழுத்தாக நிற்கும். அதாவது நாள் 12-க்குள் இருப்பவை தவறான தேதியாகவும், மற்றவை தேதியே இல்லாமலும் போகும். நெடுவரிசையில் சில கட்டங்கள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

அடுத்தது பள்ளிக்கூடத் தேதி. கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்ட காலத்தில், பிறந்த தேதியை வாத்தியார் மனக்கணக்காகப் போட்டார். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து நிறைந்திருக்க வேண்டுமே! அதனால் மே மாதத்தில் பிறந்தவர்கள் பதிவேட்டில் எக்கச்சக்கம். ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டு நிரப்புவதும் வழக்கம். தேவாலயப் பதிவேட்டிலிருந்து எடுத்த பெயர்களில் பிறந்த தேதிக் கட்டத்தில் திருமுழுக்குத் தேதி உட்கார்ந்திருக்கும். கடலோர ஊர்ப் பட்டியல் ஒன்றில் இப்படி ஒரு பக்கம் முழுக்க வந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளாக இருந்ததால்தான் பிடிபட்டது.

மாதத்தையும் நாளையும் மட்டும் எடுத்து, எந்த நாளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஏதாவது ஒரு நாள் மலைபோல் எழுந்து நின்றால் அங்கே உண்மையான பிறப்புகள் குறைவு.

உறுதி, சந்தேகம் என்று இரண்டு பட்டியல்

சரியில்லாத தேதியை என்ன செய்வது? ஒழுங்காக இருப்பதுபோல் பாவனை செய்வதைவிட, தெரியாததைத் தெரியாது என்றே பதிந்துவிடலாம். நான் ஒரு பிறந்த தேதிக்குப் பதிலாக இரண்டு நெடுவரிசை வைக்கிறேன்: முந்தைய_எல்லை, பிந்தைய_எல்லை. சரியான தேதி தெரிந்தால் இரண்டிலும் அதே தேதி. 1965 என்ற ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜனவரி 1-உம் டிசம்பர் 31-உம். கொல்லம் 1118 என்று மட்டும் தெரிந்தால் 1942 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1943 ஆகஸ்ட் நடு வரை.

உறுதியாக 60 நிறைந்தவர்கள்:

பிந்தைய_எல்லை <= குறிப்பு_தேதி − 60 ஆண்டு

வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியவர்கள்:

முந்தைய_எல்லை <= குறிப்பு_தேதி − 60 ஆண்டு
மற்றும் பிந்தைய_எல்லை > குறிப்பு_தேதி − 60 ஆண்டு

இரண்டாவது பட்டியல் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். கொல்லம் 1118 பாட்டிக்கு நாள் தெரியாவிட்டாலும் 60-க்கு அவர் உறுதிதான். எல்லையை ஒட்டி நிற்பவர்களுக்கு மட்டுமே துல்லியம் தேவைப்படுகிறது. பதிவேடு முழுவதையும் திருத்திவிட்டுத்தான் பட்டியல் எடுப்பேன் என்று உட்கார்ந்தால் முகாம் முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

தேதியே இல்லாத வெற்றுப் பதிவுகளை மறக்காதீர்கள். வெற்று மதிப்பு எந்த ஒப்பீட்டிலும் மெய்யாகாது. அந்த ஆள் 60-க்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இரண்டு பட்டியலையும் கூட்டினால் மொத்த எண்ணிக்கை வராது. அவர்களைத் தனியே எண்ணி, பட்டியலின் அடியில் "தேதி இல்லாதவர்கள் இத்தனை பேர்" என்று எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய அமைப்புகளில் வெற்றுக்குப் பதில் எல்லாம் பூஜ்யமான தேதி உட்கார்ந்திருக்கலாம். அது எந்த எல்லையைவிடவும் சிறியது. தேதி தெரியாத அத்தனை பேரும், கைக்குழந்தை உட்பட, மூத்தோர் பட்டியலுக்கு வந்துவிடுவார்கள். 1900 ஜனவரி 1, 1970 ஜனவரி 1 என்று கூட்டமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். முன்னது யாரோ வைத்த நிரப்புத் தேதி, பின்னது பல மென்பொருள்களின் காலக்கணக்கு தொடங்கும் பூஜ்ய நாள்.

1900-க்கு முந்தைய தேதியை ஏற்காதே என்று அட்டவணையிலேயே ஒரு கட்டுப்பாடு வைத்துவிடலாம். மைஎஸ்க்யூஎல் 8.0.16-க்கு முந்தையது என்றால் அந்தக் கட்டுப்பாட்டை எழுத விடும், ஆனால் கண்டுகொள்ளாது. எதிர்காலத் தேதியைப் படிவத்திலேயே தடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே போய்விட்ட இப்படிப்பட்ட தேதிகளைப் பிழைப் பட்டியல் என்று தனியே எடுத்து வையுங்கள்.

இறந்தவர்களின் பெயரும் தானாகப் போகாது. 95-க்கு மேல் வரும் ஒவ்வொரு பெயரையும் ஊரில் ஒருமுறை விசாரித்துவிட்டு அச்சடியுங்கள். போன மாதம் அடக்கம் நடந்த வீட்டுக்கு முகாம் அழைப்பு போவது போன்ற சங்கடம் வேறில்லை.

ஓட்டிப் பார்ப்பது

உண்மைப் பதிவேட்டில் கை வைப்பதற்கு முன் எட்டுப் பொய்ப் பெயரோடு ஒரு சின்ன அட்டவணை செய்யுங்கள். குறிப்புத் தேதி 2025 நவம்பர் 1, நிபந்தனை 60 நிறைந்தோர் என்றால்:

1965 அக்டோபர் 31 — வர வேண்டும்
1965 நவம்பர் 1 — வர வேண்டும்
1965 நவம்பர் 2 — வரக் கூடாது
1965 டிசம்பர் 25 — வரக் கூடாது
1964 பிப்ரவரி 29 — வர வேண்டும்
2042 ஏதோ ஒரு நாள் — வரக் கூடாது, பிழைப் பட்டியலில் வர வேண்டும்
1118 ஏதோ ஒரு நாள் — பிழைப் பட்டியலில் வர வேண்டும்
வெற்று — தேதி இல்லாதோர் எண்ணிக்கையில் வர வேண்டும்

குறிப்புத் தேதியை 2026 பிப்ரவரி 28, மார்ச் 1 என்று மாற்றி, 18 வயது நிபந்தனையோடு 2008 பிப்ரவரி 29-ஐயும் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் எடுத்த முடிவுப்படி விடை வருகிறதா என்று தெரிந்துவிடும்.

பட்டியலை வெளியே கொடுக்கும்போது பிறந்த தேதி நெடுவரிசையை அனுப்பாதீர்கள். முகாம் நடத்துகிறவர்களுக்குப் பெயர், தெரு, "60 நிறைந்தவர்" என்பது போதும். முழுப் பிறந்த தேதி கைமாறிக் கைமாறி எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. 18 நிறையாதவர்களின் விவரத்துக்கு 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது; பிள்ளைகள் பட்டியல் எடுக்கிறவர்கள் அதைப் படித்துவிடுங்கள்.

அச்சடிக்கும் தாளின் தலையில் "60 வயது நிறைந்தோர், 2025 நவம்பர் 1 அன்று உள்ளபடி" என்று எழுதுகிறேன். "மேற்பட்டோர்" என்ற சொல்லை என் தாள்களிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த மாமாவின் பெயரை அன்று பேனாவால் கடைசியில் எழுதிச் சேர்த்தோம். வரிசை எண் 213. அடுத்த முகாமுக்கு அவர் அகர வரிசையில் அவருடைய இடத்திலேயே வந்தார்; வந்ததும் தாளை வாங்கி, தன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.